சிக்காத நூல்: பாக்டீரியா தன் குரோமோசோமைச் சுருட்டுவதும் நகலெடுப்பதும்

ஈ. கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியாவின் செல் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளமும் 1 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. அதன் குரோமோசோமை, அதாவது மரபணுக்களைத் தாங்கும் டிஎன்ஏ மூலக்கூறை, வெளியே எடுத்து நேராக நீட்டினால் சுமார் 1.6 மில்லிமீட்டர் வரும். செல்லின் நீளத்தைப் போல 800 மடங்கு. இந்த அளவுகள் கண்ணுக்குப் பிடிபடாதவை என்பதால் எல்லாவற்றையும் பத்து இலட்சம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். அப்போது செல், படுக்க வைத்த 2 மீட்டர் நீள உருளைத் தொட்டியாகிறது. டிஎன்ஏ, 2 மில்லிமீட்டர் தடிமனும் 1.6 கிலோமீட்டர் நீளமும் கொண்ட நூலாகிறது. இவ்வளவு நீளமான நூலை எப்படித் திணிப்பது என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் அந்த நூல் முழுவதன் கன அளவும் வெறும் 5 லிட்டர்தான். தொட்டியோ ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும்.

எனவே நூலுக்கான இடத்தை விட, நூலின் போக்கே கவலைக்குரியது. கட்டுப்பாடின்றி விட்டால் அது பரந்து விரிந்து, தொட்டியை விடப் பல மடங்கு பெரிய பந்தாகிவிடும். அழுத்தி உள்ளே அடைத்தாலோ தன்னோடு தானே பின்னிக்கொள்ளும். தமிழில் 'சிக்கல்' என்ற சொல் நூல் பின்னிக்கொள்வதையும் தீர்க்க வேண்டிய இடரையும் ஒருசேரக் குறிக்கிறது; பாக்டீரியாவின் குரோமோசோமைப் பொறுத்தவரை அவ்விரண்டும் ஒன்றேதான். மேலும், இந்த நூல் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டதன்று. அதிலுள்ள மரபணுக்கள் இடைவிடாமல் வாசிக்கப்படுகின்றன, அதே நேரத்தில் முழு நூலும் நகலெடுக்கப்படுகிறது, அதே நேரத்தில் நகல்கள் இரண்டும் தொட்டியின் இரு பாதிகளுக்கு இழுத்துச் செல்லப்படுகின்றன. சுருட்டி அடுக்குவதை ஓர் அத்தியாயமாகவும் நகலெடுப்பதை மற்றோர் அத்தியாயமாகவும் பிரித்துப் படிப்பது நமது வசதிக்காகவே. செல்லுக்குள் அவை ஒரே வேலையின் இரு கைகள்.

முடிவில்லாத வளையம்

நம் செல்களில் குரோமோசோம்கள் உட்கரு என்ற உறைக்குள் இருக்கின்றன. பாக்டீரியாவில் அத்தகைய உறை இல்லை. டிஎன்ஏவும் அதனோடு ஒட்டிய புரதங்களும் செல்லின் நடுப்பகுதியில் திரண்டு கிடக்கும் இடத்திற்கு நியூக்ளியாய்டு என்று பெயர். பெரும்பாலான பாக்டீரியாக்களில் குரோமோசோம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் முனைகள் இல்லாத வளையம். ஈ. கோலையின் வளையத்தில் சுமார் 46 இலட்சம் கார இணைகள் உள்ளன. கார இணை என்பது டிஎன்ஏ என்ற முறுக்கிய ஏணியின் ஒரு படி. காரங்கள் நான்கு வகை; ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஒரு பக்கம் ஏ இருந்தால் மறுபக்கம் டி, ஒரு பக்கம் ஜி இருந்தால் மறுபக்கம் சி.

இந்த வளைய வடிவத்தை முதன்முதலில் கண்ணால் காணும்படி செய்தவர் ஜான் கெய்ர்ன்ஸ். 1963-இல் வெளியிட்ட ஆய்வில் அவர், கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த தைமிடினை (டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்களில் ஒன்று) உணவாகக் கொடுத்து ஈ. கோலையை வளர்த்து, செல்களை மிக மென்மையாக உடைத்து, வெளிவந்த டிஎன்ஏவின் மேல் ஒளிப்படப் பசையைப் படரவிட்டுப் பல வாரங்கள் இருட்டில் வைத்தார். கதிர்வீச்சு பட்ட இடங்களில் கறுப்புப் புள்ளிகள் விழுந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட சுற்றளவுள்ள வளையம் படமாகத் தெரிந்தது. நகலெடுப்பின் நடுவில் பிடிபட்ட சில வளையங்கள் கிரேக்க எழுத்தான தீட்டாவைப் போல, உள்ளே ஒரு கண்ணியோடு காட்சியளித்தன. எல்லாப் பாக்டீரியாவுக்கும் இந்த வடிவம் பொருந்தாது. லைம் நோயை உண்டாக்கும் பொரேலியாவின் குரோமோசோம் நேர்கோட்டு வடிவிலானது. பல நுண்ணுயிர்க்கொல்லிகளை நமக்குத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸின் குரோமோசோமும் அப்படியே. இருந்தாலும் வளையமே பெரும்பான்மை, இக்கட்டுரையும் அதையே பின்தொடர்கிறது.

முறுக்கின் மேல் முறுக்கு

இருபுரிக் கயிறு ஒன்றை எடுத்து, ஒரு முனையை ஆணியில் கட்டிவிட்டு, மறுமுனையைத் திருகிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கயிறு நேராக நிற்க மறுத்து, தன் மேலேயே வளைந்து குட்டிக் குட்டிச் சுருள்களாகத் திரளும். முறுக்கின் எதிர்த்திசையில் திருகினாலும் இதே நிலைதான். ஏற்கெனவே சுருளாக இருக்கும் ஒன்று மேலும் சுருண்டுகொள்ளும் இந்நிலைக்கு மீச்சுருள் என்று பெயர். முனைகள் திறந்திருந்தால் கயிறு சுழன்று தளர்ந்துவிடும்; வளையத்தில் முனை இல்லாததால் ஏற்றிய முறுக்கு அப்படியே தங்கிவிடுகிறது.

பாக்டீரியாவின் டிஎன்ஏ இயல்பான முறுக்கை விடச் சற்றுக் குறைவாக முறுக்கப்பட்ட நிலையில், அதாவது எதிர் மீச்சுருளாக வைக்கப்பட்டிருக்கிறது. இதைச் செய்வது கைரேஸ் என்ற நொதி. 1976-இல் மார்ட்டின் கெல்லர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் இதைக் கண்டறிந்தனர். கைரேஸின் செயல்முறை கத்தரிக்கோலும் பசையும் ஒரே கையில் இருப்பதைப் போன்றது. அது டிஎன்ஏவின் இரு இழைகளையும் ஒருசேர வெட்டுகிறது, வெட்டிய முனைகளை விடாமல் பிடித்துக்கொண்டே அந்த இடைவெளியின் வழியாக அதே மூலக்கூறின் மற்றொரு பகுதியைக் கடத்துகிறது, பிறகு வெட்டை ஒட்டிவிடுகிறது. இதற்கான ஆற்றல், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து கிடைக்கிறது. மிகுதியாக ஏறிவிடும் எதிர்முறுக்கைத் தளர்த்த டோப்போஐசோமரேஸ் 1 என்ற மற்றொரு நொதி இருக்கிறது. இவ்விரண்டின் இழுபறியில்தான் சரியான அளவு நிலைபெறுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் கைரேஸை வெட்டிய நிலையிலேயே உறையச் செய்துவிடுகின்றன. ஒட்டப்படாத வெட்டுகள் குரோமோசோமை உடைத்து பாக்டீரியாவைக் கொல்கின்றன. மனித செல்களில் கைரேஸ் இல்லாததே அம்மருந்துகளை நாம் உட்கொள்ள முடிவதற்கு முக்கியக் காரணம்.

எதிர் மீச்சுருளால் இரண்டு பயன்கள் விளைகின்றன. ஒன்று, நூல் கிளைவிட்ட சுருள்களாகத் திரண்டு சிறிய இடத்தில் அடங்குகிறது. மற்றொன்று, முறுக்குக் குறைவாக இருப்பதால் இரு இழைகளும் எளிதில் பிரிகின்றன. நகலெடுப்பதற்கும் மரபணுவை வாசிப்பதற்கும் முதல் தேவை அதுதான். நூலை அடக்கி வைக்கும் அதே முறுக்கே அதைத் திறப்பதற்கும் உதவுகிறது என்பது இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம்.

ஓரிடத்தில் இழை அறுந்தால் முழு வளையத்தின் முறுக்கும் அவிழ்ந்துவிடாதா என்ற ஐயம் எழலாம். அப்படி அவிழ்வதில்லை. குரோமோசோம் சராசரியாகச் சுமார் 10,000 கார இணைகள் கொண்ட நூற்றுக்கணக்கான கண்ணிகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கண்ணி தளர்ந்தாலும் அடுத்த கண்ணியின் முறுக்கு குலையாது. கண்ணிகளின் எல்லைகள் நிரந்தரமானவையல்ல, மாறிக்கொண்டே இருப்பவை. இவற்றுக்கு வடிவம் கொடுப்பதில் பல சிறு புரதங்களுக்குப் பங்கு உண்டு: ஹெச்யூ நூலை வளைக்கிறது, ஐஹெச்எஃப் அதைக் கொண்டை ஊசி வளைவு போல மடக்குகிறது, ஹெச்-என்எஸ் இரு பகுதிகளைப் பாலம் போட்டு இணைப்பதோடு வெளியிலிருந்து வந்து சேர்ந்த மரபணுக்களை அமைதியாக்கியும் வைக்கிறது. உணவு தீர்ந்து செல் பட்டினி கிடக்கும்போது டிபிஎஸ் என்ற புரதம் பெருகி, முழு டிஎன்ஏவையும் படிகம் போல இறுகக் கட்டிப் பாதுகாக்கிறது.

இவற்றை விடப் பெரிய அளவில் செயல்படுபவை எஸ்எம்சி வகைப் புரதங்கள். மோதிரம் போன்ற இக்கூட்டமைப்பு நூலின் ஓரிடத்தில் ஏறி அமர்ந்து இரு பக்கத்தையும் தன் வழியாக இழுத்து இழுத்துக் கண்ணியைப் பெரிதாக்குகிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் இது நகலெடுப்பு தொடங்கும் இடத்தருகே ஏற்றப்பட்டு, நிமிடத்திற்கு 50,000 கார இணைகளுக்கு மேற்பட்ட வேகத்தில் வளையத்தின் இரு கைகளையும் ஜிப் போடுவது போல அருகருகே சேர்த்துக்கொண்டே எதிர்முனை நோக்கிப் போகிறது. ஈ. கோலையில் இதே வேலைக்கு சற்று மாறுபட்ட முக்பிஇஎஃப் என்ற கூட்டமைப்பு உண்டு.

எங்கே தொடங்குவது, எப்போது தொடங்குவது

நகலெடுப்பின் அடிப்படை எளியது. ஏணியின் இரு பக்கங்களையும் பிரித்தால், ஒவ்வொரு பக்கமும் தன் எதிர்ப்பக்கத்தை எழுதுவதற்கான அச்சாகிறது. இறுதியில் கிடைக்கும் இரண்டு டிஎன்ஏவிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. கனமான நைட்ரஜனில் ஈ. கோலையை வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, அடுத்த தலைமுறையின் டிஎன்ஏ இரண்டுக்கும் இடைப்பட்ட எடையில் இருப்பதைக் காட்டி இதை 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் நிறுவினர்.

கண்ட இடத்தில் இழைகளைப் பிரித்து நகலெடுக்க பாக்டீரியா தொடங்குவதில்லை. ஈ. கோலையின் வளையத்தில் சுமார் 245 கார இணைகள் நீளமுள்ள ஒரே ஒரு தொடக்க இடம் உண்டு. அதில் 9 எழுத்துச் சொற்கள் சில அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வது ஒரு தொடக்கிப் புரதம். (ஆய்வகங்களில் இதன் பெயர் 'டிஎன்ஏ' என்பதற்குப் பின் இன்னொரு 'ஏ' சேர்த்தது. படிப்பவரைக் குழப்பவே வைத்தது போன்ற பெயர் என்பதால் தொடக்கி என்றே இங்கு குறிப்பிடுகிறேன்.) ஏடிபியைச் சுமந்த தொடக்கிகள் பல ஒன்றுசேர்ந்து அவ்விடத்தில் அடர்ந்ததும், அருகில் ஏ-டி இணைகள் மிகுந்த பகுதி திறந்துகொள்கிறது. ஜி-சி இணையை மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள் தாங்க, ஏ-டி இணையைத் தாங்குபவை இரண்டே என்பதால், கதவு வைப்பதற்கு அதுவே தோதான இடம். திறந்த இழைகளில் ஹெலிகேஸ் என்ற மோதிர வடிவ நொதி இரண்டு ஏற்றப்படுகின்றன. அவை எதிரெதிர்த் திசைகளில் புறப்படுகின்றன.

தொடங்குவதைப் போலவே, உடனே மீண்டும் தொடங்கிவிடாமல் தடுப்பதும் இன்றியமையாதது. தொடக்க இடம் நகலாகி முடிந்த மறுநொடியே அங்கு இரண்டு தொடக்க இடங்கள் இருக்கின்றன. இரண்டிலும் மறுபடி கதவு திறந்தால் கணக்கு எங்கோ போய்விடும். ஈ. கோலை இதற்கு ஒரு நுட்பமான அடையாளத்தைப் பயன்படுத்துகிறது. அதன் டிஎன்ஏவில் ஜிஏடிசி என்ற நான்கெழுத்து வரும் இடமெல்லாம் ஏ எழுத்தின் மேல் மீத்தைல் என்ற சிறு குறி வைக்கப்பட்டிருக்கும். புதிதாக எழுதிய இழையில் இக்குறி சற்று நேரம் கழித்தே வைக்கப்படும். ஆகவே பழைய இழையில் குறி உண்டு, புதிய இழையில் இல்லை என்றால் அப்பகுதி இப்போதுதான் நகலானது என்று பொருள். சீக்-ஏ என்ற புரதம் இந்த அரைகுறை நிலையையே தேடிப் பற்றிக்கொள்கிறது. ஜிஏடிசி அடர்ந்த தொடக்க இடத்தை அது சுமார் 10 நிமிடம் மூடி வைக்கிறது. அதற்குள் தொடக்கிகள் சுமந்திருந்த ஏடிபி செலவழிக்கப்பட்டு அவை செயலிழக்கின்றன.

கவையின் உள்ளே

இழைகள் இரண்டாகப் பிரியும் இடம் மரக்கிளையின் கவை போலிருப்பதால் அதற்கு நகலெடுப்புக் கவை என்று பெயர். தொடக்க இடத்திலிருந்து இரண்டு கவைகள் புறப்பட்டு, ஒன்று வளையத்தின் இடக்கை வழியாகவும் மற்றொன்று வலக்கை வழியாகவும் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் 23 இலட்சம் இணைகளைச் சுமார் 40 நிமிடத்தில் கடக்க வேண்டும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம். நமது பெரிதாக்கிய தொட்டியில், 2 மில்லிமீட்டர் நூல் நொடிக்கு 34 சென்டிமீட்டர் வேகத்தில் பிளக்கப்படுகிறது. டிஎன்ஏ பத்தரை இணைகளுக்கு ஒருமுறை சுற்றுவதால், இவ்வேகத்தில் நொடிக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுற்றுகள் அவிழ்க்கப்பட வேண்டும். முறுக்கிய கயிற்றின் இரு புரிகளை நடுவில் பிடித்து இழுத்துப் பிரித்தால் முன்னால் இருக்கும் முறுக்கு இறுகி இறுகி ஒரு கட்டத்தில் நகரவே விடாது. கவைக்கும் அதே கதிதான் நேரும். முன்பு பார்த்த கைரேஸ், கவைக்கு முன்னால் சேரும் இந்த இறுக்கத்தை ஓயாமல் கழித்துக்கொண்டே இருப்பதால்தான் கவை ஓடுகிறது. சுருட்டும் நொதியே இங்கு வழி திறக்கும் நொதியாகவும் ஆகிறது.

புதிய இழையை எழுதுவது டிஎன்ஏ பாலிமரேஸ். இதற்கு இரண்டு குறைபாடுகள்: வெற்றிடத்தில் முதல் எழுத்தை வைக்க இதற்குத் தெரியாது, ஒரே திசையில் மட்டுமே எழுதும். முதல் குறையை பிரைமேஸ் என்ற நொதி சிறிய ஆர்என்ஏ துண்டொன்றை முன்னதாக எழுதிக் கொடுத்துத் தீர்க்கிறது. இரண்டாவது குறையே கடினமானது, ஏனெனில் டிஎன்ஏவின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஓர் இழையின் மேல் பாலிமரேஸ் கவையைப் பின்தொடர்ந்தபடியே நிற்காமல் எழுதலாம். மற்றதில் கவை போகும் திசைக்கு எதிராக எழுத வேண்டியிருப்பதால், கவை சற்று முன்னேறியதும் அங்கிருந்து பின்னோக்கி ஒரு துண்டு, மீண்டும் முன்னேறியதும் மற்றொரு துண்டு என்று தவணை முறையில் எழுதப்படுகிறது. ரெய்ஜி, ட்சுனேகோ ஒகசாகி இணையர் 1960-களில் கண்டறிந்த இத்துண்டுகளுக்கு ஒகசாகி துண்டுகள் என்று பெயர். ஈ. கோலையில் ஒவ்வொன்றும் ஆயிரம் முதல் இரண்டாயிரம் எழுத்து நீளமுள்ளது. ஆகவே ஒவ்வொரு கவையிலும் ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு துண்டு பிறக்கிறது. பிறகு ஆர்என்ஏ பகுதிகள் நீக்கப்பட்டு, இடைவெளி நிரப்பப்பட்டு, லைகேஸ் என்ற நொதி துண்டுகளை ஒட்டுகிறது.

பாலிமரேஸ் தனியாக விட்டால் சில எழுத்துகளிலேயே இழையை விட்டு நழுவிவிடும். இழையைச் சுற்றி மோதிரமாகப் பூட்டப்படும் ஒரு புரதக் கவ்வி அதைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அது ஆயிரக்கணக்கான எழுத்துகளை விடாமல் எழுதுகிறது. தவறான எழுத்தை வைத்துவிட்டால் ஓரடி பின்வாங்கி அதை வெட்டியெறியும் திறனும் அதற்கு உண்டு. அதற்கும் தப்பிய பிழைகளை, குறி வைக்கப்படாத இழையே புதியது என்ற முன்சொன்ன அடையாளத்தைக் கொண்டு மற்றொரு புரதக் குழு திருத்துகிறது. முடிவில், 46 இலட்சம் எழுத்துகளைப் பல நூறு முறை நகலெடுத்தால்தான் ஓரெழுத்துப் பிழை என்ற அளவுக்குத் துல்லியம் எட்டுகிறது.

இதே வளையத்தின் மேல் மரபணுக்களைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ்களும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் வேகம் கவையின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. எதிரெதிராக வந்து மோதினால் கவை நின்றுபோகும், சில வேளைகளில் டிஎன்ஏ சேதமும் அடையும். மிகுதியாக வாசிக்கப்படும் மரபணுக்கள் கவை ஓடும் திசையிலேயே அமைந்திருப்பதற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமின் ஆர்என்ஏவுக்கான ஏழு மரபணுத் தொகுதிகளும் ஈ. கோலையில் அப்படித்தான் உள்ளன.

20 நிமிடத்தில் 60 நிமிட வேலை

வளமான உணவில் ஈ. கோலை 20 நிமிடத்திற்கு ஒருமுறை பிரிகிறது. ஆனால் நகலெடுக்க 40 நிமிடம், அது முடிந்து செல் பிரிய மேலும் சுமார் 20 நிமிடம், ஆக மொத்தம் 60 நிமிடம் வேண்டும். இது எப்படி இயலும் என்பதை 1968-இல் ஸ்டீபன் கூப்பரும் சார்லஸ் ஹெல்ம்ஸ்டெட்டரும் விளக்கினர். ஒரு சுற்று முடியும் வரை அடுத்த சுற்று காத்திருப்பதில்லை. கவைகள் பாதி வழியில் இருக்கும்போதே, புதிதாகக் கிடைத்த இரு தொடக்க இடங்களிலும் அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. பாட்டி தொடங்கிய நகலைத் தாய் முடிக்கிறாள், அதைப் பங்கிட்டுக்கொண்டு பிரிபவள் மகள். கணக்கிட்டுப் பார்த்தால், இவ்வேகத்தில் வளரும் செல் பிறக்கும்போதே அதனிடம் இரண்டு குரோமோசோம்கள் இருக்கும், இரண்டும் பாதியளவு நகலாகியும் இருக்கும். தொடக்க இடத்திற்கு அருகிலுள்ள மரபணுக்கள் இதனால் செல்லுக்குள் பல பிரதிகளில் கிடைக்கின்றன. விரைந்து வளரத் தேவையான ரைபோசோம் மரபணுக்கள் அப்பக்கமாகவே இருப்பது பொருத்தமானது.

காலரா பாக்டீரியாவான விப்ரியோ காலரேயில் சுமார் 30 இலட்சம் இணைகளுடன் ஒன்று, 11 இலட்சம் இணைகளுடன் ஒன்று என இரண்டு குரோமோசோம்கள் உள்ளன. சிறியது தானாகத் தொடங்குவதில்லை. பெரியதில் ஓடும் கவை ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடந்த பிறகே அதற்கு அனுமதி கிடைக்கிறது. எனவே இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிகின்றன.

பிரியும் நேரம்

இரு கவைகளும் வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் சந்திக்கின்றன. அப்பகுதியில் டஸ் என்ற புரதம் அமர்ந்த பத்து இடங்கள் ஒருவழிக் கதவுகள் போல உள்ளன. உள்ளே வரும் கவையை விடும், வெளியேற விடாது. இவ்வளவு கவனமான ஏற்பாடாக இருந்தும், டஸ் இல்லாத ஈ. கோலை நன்றாகவே வாழ்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நகல்களைப் பிரித்தெடுக்கும் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. காலோபாக்டர் போன்றவற்றில் பார்-ஏ, பார்-பி என்ற இரு புரதங்கள் புதிய தொடக்க இடத்தைச் செல்லின் மறுமுனைக்கு நடத்திச் செல்கின்றன. ஈ. கோலையிடம் இந்த ஏற்பாடு இல்லை. கண்ணிகளின் திரட்சி, முக்பிஇஎஃப், இணைப்பு அவிழ்க்கும் நொதி ஆகியவற்றின் கூட்டு வேலையாகவே அங்கு பிரிதல் நடக்கிறது. அந்த அவிழ்க்கும் நொதியின் பங்கு பெரிது. தாய் வளையத்தின் இரு இழைகளும் ஒன்றையொன்று நான்கு இலட்சம் முறைக்கு மேல் சுற்றியிருந்தன. அதில் ஒரே ஒரு சுற்று மிச்சமிருந்தாலும் இரு மகள் வளையங்களும் சங்கிலிக் கண்ணிகளாகக் கோத்தே கிடக்கும். கைரேஸின் உறவினரான டோப்போஐசோமரேஸ் 4 ஒரு வளையத்தை வெட்டி, மற்றதை அதன் வழியே கடத்தி, மீண்டும் ஒட்டி இக்கோப்பை விடுவிக்கிறது.

சில வேளைகளில் பழுதுபார்ப்பின்போது இரு வளையங்களும் இணைந்து ஒரே பெருவளையமாகிவிடுவதும் உண்டு. அப்போது செல்லின் நடுவே எழும் குறுக்குச் சுவரில் அமர்ந்திருக்கும் எஃப்டிஎஸ்-கே என்ற மோட்டார், டிஎன்ஏவில் எழுதப்பட்டிருக்கும் எட்டெழுத்துத் திசைக்குறிகளைப் படித்துக்கொண்டே நொடிக்குச் சுமார் 5,000 இணைகள் வேகத்தில் நூலை இரு பக்கமும் இழுக்கிறது. 28 இணைகள் நீளமுள்ள ஒரு குறிப்பிட்ட இடம் சுவருக்கு நேராக வந்ததும் இரண்டு நொதிகள் அங்கு வெட்டி ஒட்டி வளையத்தை இரண்டாக்குகின்றன. பிறகு சுவர் மூடுகிறது. விரைந்து வளரும் செல்லில், அப்படிப் பிரிந்து போகும் ஒவ்வொரு மகளுக்குள்ளும் அடுத்த சுற்றின் கவைகள் ஏற்கெனவே பாதி தூரம் ஓடியிருக்கும்.